இருபது நிமிட வெயில்

ஜாலஹள்ளியில் எங்கள் குடியிருப்பு எழும்புமுன்பே
அங்கே நின்றவை ஐந்து பைன் மரங்கள்.
வெட்ட அனுமதி கிடைக்காததால்
விளம்பரத் தாளில் அந்த இடத்துக்கு
'இயற்கையின் மடி' என்று பெயர் வைத்தார்கள்.

மடியில் புல் முளைக்கவில்லை.

முதல் வருடம் கொரியன் புல்.
சித்தாபுரா நர்சரியிலிருந்து சதுரம் சதுரமாக
டெம்போவில் அடுக்கி வந்தது.
ஆடி முடிவதற்குள் மஞ்சள்.
பிறகு எருமைப்புல். அது பெயருக்கேற்ற பொறுமையோடு
கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது.
மண் புளிப்பாம், சுண்ணாம்பு தூவச் சொன்னார்கள்.
தோட்டக்கார யேசுராஜ் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்து
"புளிக்கலையேம்மா" என்றார்.
சங்கக் குறிப்பேட்டில் அதை நான் எழுதவில்லை.

பொருளாளர் நான். தரைத்தளம், ஜி-இரண்டு.
மரங்கள் என் சன்னலுக்கு நேர் எதிரே என்பதால்
மேற்பார்வையும் என் தலையில்.
மேற்பார்வை என்றால்
காயாத போர்வையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே
வெளியே பார்ப்பது.
மூன்று நாற்பதுக்குக் கிளைகளுக்கு நடுவே
ஒரு சந்து திறக்கும்.
நான்கு மணிக்குச் சாத்திக்கொள்ளும்.
அந்த மண்ணுக்கும் என் வீட்டுக்கும்
ஒரே ரேஷன்.

மூன்றாம் வருடம் செயலாளர் பட்நாயக்
பிளாஸ்டிக் புல் விரித்தார். ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.
ஊசிகள் விழுந்தன.
போலி இழைகளுக்குள் குத்திட்டு நின்றன,
யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக நட்டதுபோல.
துடைப்பம் தோற்றது.
வாடகைக்கு வந்த ஊதும் இயந்திரம்
மூன்றாம் மாடிக்காரரின் தூக்கத்தை மட்டும் ஊதித் தள்ளியது.
பி-பிளாக் குழந்தை ஒன்று அதில் உட்கார்ந்து எழுந்து
அழுத அழுகையில்
தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

சுருட்டும்போது அடியில் மண் வியர்த்திருந்தது.
வெள்ளை நூல்கள், வேரோ பூஞ்சையோ,
பிளாஸ்டிக்கின் முதுகைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தன.
காய்ந்த கட்டைப் புண்ணிலிருந்து பிரிக்கும்போது வருமே,
அந்தச் சத்தம்.
யேசுராஜ் கையை எடுத்துவிட்டார்.
நானும்.

அப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்க யாரும் எதுவும் செய்யவில்லை.
சங்கத்தில் பணம் இல்லை, அவ்வளவுதான்.
ஞானமெல்லாம் ஒன்றும் இல்லை.
ஊசியின்மேல் ஊசி உதிர்ந்தது.
வாட்ச்மேன் கேசர் சிங் ஒரு சாக்கு அள்ளிப்போய்
குட்டி போட்ட நாய்க்கு மெத்தை போட்டார்.
பித்தோராகட் பக்கம் இதற்குப் 'பிரூல்' என்று பேராம்.
சொன்ன கையோடு கேட் திறக்க ஓடிவிட்டார்.

தமிழில் இதற்கு என்ன பேர்?
குக்கர் மூன்றாம் விசிலுக்குக் காத்திருந்தபோது யோசித்தேன்.
சருகு என்றால் நொறுங்க வேண்டும்.
இது வளைகிறது.
ஊசி என்றால் காது வேண்டும்.
இதற்குக் காது கிடையாது;
அல்லது முழுக்கக் காதுதான்,
காற்று வருவது இதற்குத்தான் முதலில் தெரிகிறது.
நான்காவது விசிலும் போய்விட்டது. பருப்பு குழைந்தது.

மார்ச்சில், வெயிலே பார்க்காமல் என் தொட்டியில் தடித்திருந்த
மருள் கன்றுகள் நான்கை அங்கே வைத்தேன்.
யாரையும் கேட்கவில்லை. செலவு பூஜ்யம்.
இரண்டு பிழைத்தன. ஒன்றை நத்தை தின்றது.
இன்னொன்று இன்னும் முடிவெடுக்கவில்லை.
மூன்றாவது மரத்தின் வேர்முட்டில்
யாரும் வைக்காத பெரணி ஒன்று
சுருண்ட விரலை நீட்டிக்கொண்டு நின்றது.
பட்நாயக் சுற்றி வந்து பார்த்து
"பச்சை போதவில்லை" என்றார்.
போதவில்லைதான்.

இன்று மூன்று நாற்பதுக்குச் சந்து திறந்தபோது
பழுப்பு முழுவதும் தேய்த்த செம்புபோல் ஆனது.
ஈரப் போர்வையோடு வெளியே போனேன்.
பொது இடத்தில் துணி உலர்த்தக் கூடாது:
விதி பதினான்கு, தட்டச்சு செய்தவளே நான்.
ஊசிகள்மேல் விரித்தேன். அது
தரையைத் தொடாமல் கொஞ்சம் மேலேயே நின்றது.

இரவு போர்த்திக்கொண்டபோது
தோளருகே எதுவோ குத்தியது.
விளக்கைப் போட்டுத் தேடவில்லை.